சமையலறைக் கம்ப்யூட்டருக்கு ஒரு வாசல்

ரூட்டர் வாடகை ஒப்பந்தம், ஏழாம் விதி: பெட்டியின் மேல்நிலை அமைப்புகளில் மாற்றம் விரும்பும் சந்தாதாரர் எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும், விண்ணப்பம் கிடைத்த பதினான்கு வேலை நாட்களுக்குள் கம்பெனி பதில் அளிக்கும், அதுவரை சந்தாதாரர் தாமாக எந்த மாற்றமும் செய்யலாகாது.

நல்ல விதி. யார் செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும், எத்தனை நாளில் செய்ய வேண்டும் என்ற மூன்றும் அதில் இருந்தன. நான் அரசாங்க இலாகா ஒன்றில் தலைமைக் கிராணியாக, அதாவது குமாஸ்தாக்களுக்குத் தலைவனாக, இருந்து ஓய்வு பெற்றவன். அங்கே நாங்கள் காப்பாற்றிய விதிகள் பலவற்றில் மூன்றாவது இருக்காது. சிலவற்றில் முதலாவதும் இருக்காது. ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அன்று, சின்னக் கம்பெனியாக இருந்தாலும் ஒழுங்கு தெரிந்தவர்கள் என்று மனைவியிடம் பாராட்டிச் சொன்னேன்.

"என்ன சொல்றீங்க? மீசையைக் கத்திரிங்கன்னு எத்தனை தடவை சொல்லிட்டேன்" என்றாள்.

அவளுக்குக் காது கேட்காமல் போய்க்கொண்டிருந்தது. இடது காது சின்ன வயதிலேயே சீழ் பிடித்துப் போனது. வலது காது, தொண்ணூறுகளின் கடைசியில், நாங்கள் இருவரும் ஓய்வு பெற்ற பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டது. எதிரில் நின்று பேசுபவரின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். அதற்கு என் மீசை இடைஞ்சல். தொலைபேசிக்கோ உதடே கிடையாது.

மகள் பெர்த்தில் இருந்தாள். கல்யாணம் ஆகி மூன்று வருடம் கழித்து முதல் பிள்ளை உண்டாகியிருந்தது. அம்மா பிரசவத்துக்குப் போவதாகத்தான் ஏற்பாடு. பெட்டியில் பாதி அடுக்கியும் ஆகிவிட்டது. அந்த நேரத்தில் வலது காதில் அறுவை செய்ய வேண்டியதாகிவிட்டது. செய்தார்கள். கேட்கும் திறன் வரவில்லை. காதுக்குள் ஆறும்வரை விமானம் ஏறக் கூடாது என்ற உத்தரவு மட்டும் வந்தது. அடுக்கிய சாமான்களை அவள் ஒன்றும் பேசாமல் எடுத்து அலமாரியில் வைத்தாள். அவள் ஒன்றும் பேசாமல் செய்யும் வேலைகள் மிகக் குறைவு.

அதன்பிறகு மகளோடு பேசுவது என் மூலமாக நடந்தது. மகள் சொல்வாள், நான் கேட்பேன், ரிசீவரை வைத்துவிட்டு மனைவியிடம் சொல்வேன். இரண்டு மணி நேரக் கூட்டத்தை அரைப் பக்கக் குறிப்பாக எழுதிப் பழகியவன் நான். அந்தப் பழக்கம் வீட்டில் உதவவில்லை.

"என்ன சொன்னா?"

"நலமா இருக்காளாம்."

"இவ்வளவு நேரம் உங்க மூஞ்சியைப் பாத்துக்கிட்டு நிக்கிறேன். சிரிச்சீங்க. அப்புறம் புருவத்தைச் சுருக்கினீங்க. 'அப்படியா'ன்னீங்க. எல்லாம் நலமா இருக்காளாமுக்குள்ள அடங்கிருச்சா?"

"காலில கொஞ்சம் வீக்கமாம்."

"பாத்தீங்களா! எந்தக் காலு?"

நான் கேட்டிருக்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்பு வேலைக்குப் போனாள். அரை மணி கழித்து வந்து, "ரெண்டு காலும்னா பரவால்ல. ஒரு காலுன்னா டாக்டர்கிட்ட காட்டணும். திரும்பப் போன் போட்டுக் கேளுங்க" என்றாள். கேட்டேன். இரண்டு காலும்தான்.

கம்ப்யூட்டரில் தட்டிப் பேசலாம் என்று யோசனை சொன்னது மகள். இவள் இங்கே தட்டினால் அங்கே தெரியும். அவள் அங்கே தட்டினால் இங்கே தெரியும். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவார்கள். என் மனைவி ஒரு வக்கீல் ஆபீஸில் வேலை செய்த காலம் முழுக்க டைப் அடித்தவள். கிரயப் பத்திரம், உயில், விவாகரத்து எல்லாம் அவள் விரல் வழியாகப் போயிருக்கின்றன. நான் ஒற்றை விரலால் ஒரு வரி தேடி முடிப்பதற்குள் அவள் ஒரு பக்கம் முடித்துவிடுவாள். முதல் நாள் மகளோடு தட்டிவிட்டு எழுந்தபோது அவள் முகத்தில் சிவப்பு ஏறியிருந்தது. "அவ குரல் மாதிரியே இருக்குங்க. அதே வாயி" என்றாள்.

பதில் வரும்போது கம்ப்யூட்டர் குருவி கத்துவதுபோல் ஒரு சத்தம் எழுப்பும். அவளுக்கு அது கேட்காது. நான் போய் அவள் தோளைத் தொட வேண்டும். அது என் உத்தியோகமாயிற்று.

ஆனால் ஒரே தொலைபேசி லைன். அவர்கள் தட்டிக்கொண்டிருக்கும்போது வேறு யாரும் எங்களைக் கூப்பிட முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலுக்கு அக்கரையில் உள்ள பாகான் டாலாமிலிருந்து மச்சான், அதாவது இவளுடைய அண்ணன், வியர்த்து விறுவிறுத்து வாசலில் நின்றார்.

"காலையிலேருந்து எங்கேஜ் டோனு! என்னமோ ஏதோன்னு ஃபெர்ரி ஏறி ஓடியாந்தேன். நீங்க ரெண்டு பேரும் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கீங்க!"

"சாப்பிட்டுட்டுப் போங்க" என்றேன்.

"சாப்பிடாமயா போவேன்? ஃபெர்ரி காசுக்காவது சாப்பிடணும் லா."

அதன்பிறகுதான் ஒரே நேரத்தில் பேசவும் தட்டவும் வசதியுள்ள இரட்டை லைனுக்கு மாறினோம். அதற்கு ஒரு ரூட்டர் வேண்டும். சூலியா தெருவில், காசு மாற்றும் கடை ஒன்றுக்கு மேல்மாடியில் இருந்த ஒரு கம்பெனி அதை வாடகைக்குக் கொடுத்தது. ரூட்டர் வந்ததில் இன்னொரு சௌகரியம், இரண்டு கம்ப்யூட்டரை அதில் மாட்டலாம். என்னுடையது முன்னறையில். வக்கீல் ஆபீஸில் கழித்துக் கட்டிய பழைய கம்ப்யூட்டர் ஒன்றை அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். அதைச் சமையலறையில், அரிசிப் பானைக்குப் பக்கத்து மேசையில் வைத்தோம். குழம்பைக் கிளறிக்கொண்டே மகளோடு பேசலாம் என்று அவள் கணக்கு.

ரூட்டர் வந்தது. குருவி நின்றுவிட்டது.

மற்றதெல்லாம் வேலை செய்தது. செய்தித்தாள் படிக்கலாம். மின்னஞ்சல் போகும், வரும். இவள் தட்டுவதும் மகளுக்குப் போய்ச் சேர்ந்தது. மகள் தட்டுவதுதான் இங்கே வரவில்லை. "நான் எழுதினதுக்கெல்லாம் பதில் போட்டுட்டேன், அம்மாவுக்கு வரலையா?" என்று மகள் போனில் கேட்டாள். அதை நான் மனைவியிடம் சுருக்கிச் சொன்னேன்.

ரூட்டரோடு வந்த கைநூலை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் படித்தேன். விஷயம் புரிந்தது. எங்கள் இலாகாவின் தபால் பிரிவில் ஒரு கிராணி இருந்தார். நாங்கள் அனுப்பிய கடிதத்துக்குப் பதில் வந்தால், எந்தக் கடிதத்துக்கு என்று பார்த்து உரியவர் மேசையில் வைப்பார். நாங்கள் ஒன்றும் எழுதாமல் வெளியிலிருந்து தானாக ஒரு கடிதம் வந்தால், யாருக்கு என்று தெரியாது என்று சொல்லித் தனியாக ஒரு பெட்டியில் போடுவார். அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தவர் எனக்குத் தெரிந்து யாருமில்லை. ரூட்டர் அதே ரகம். செய்தித்தாளை நாங்கள் கேட்கிறோம், அது வருகிறது, கொடுத்துவிடுகிறது. மகளுடைய பதிலோ, அந்தப் பேச்சு நிரல் வேலை செய்யும் விதத்தில், தனி அழைப்பாக வெளியிலிருந்து வந்து கதவைத் தட்டுகிறது. யாருக்கு என்று ரூட்டருக்குத் தெரியவில்லை. அதுவும் தன் பெட்டியில் போட்டுவிடுகிறது.

பரிகாரமும் கைநூலிலேயே இருந்தது. வெளியிலிருந்து வருபவை ஒவ்வொன்றும் ஒரு வாசல் எண்ணைச் சொல்லிக்கொண்டு வருகின்றன. இன்ன எண் வாசலுக்கு வருவதைச் சமையலறைக் கம்ப்யூட்டரிடம் கொடு என்று ரூட்டரிடம் ஒரே ஒரு தடவை சொல்லி வைத்தால் போதும். சொல்ல வேண்டிய இடம் மேல்நிலை அமைப்புகள் என்ற பக்கம். அதைத் திறக்கப் பாஸ்வேர்ட் வேண்டும். பாஸ்வேர்ட் கைநூலின் பின்னட்டைக்கு முந்திய பக்கத்தில் கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது.

நான் விண்ணப்பம் எழுதினேன்.

"பாஸ்வேர்ட்தான் புக்லயே இருக்கே" என்றாள் மனைவி, பக்கத்தைத் திறந்து காட்டி.

"இருக்கு. ஆனா பெட்டி அவங்களோடது. ஏழாம் விதி இருக்கு."

"நம்ம வீடு. நம்ம பொண்ணு. யாருக்குங்க லெட்டர் எழுதுறீங்க?"

"பதினாலு நாள்தானே."

"வேலை நாளுன்னு போட்டிருக்கு. நடுவுல ரெண்டு லீவு வருது." விதியை அவளும் படித்திருந்தாள். "நான் எத்தனை அக்ரிமெண்ட் டைப் அடிச்சிருப்பேன் தெரியுமா? இந்த மாதிரி விதியெல்லாம் சண்டை வந்தா எடுத்துப் பாக்குறதுக்கு. சண்டை இல்லாதப்ப ஒருத்தரும் தொடமாட்டாங்க."

நாங்கள் குடும்பம் நடத்திய இத்தனை காலத்தில் எங்களுக்குள் இருந்த வித்தியாசம் இதுதான் என்று அப்போது தோன்றியது. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிராணிகளின் வம்சம். எங்கள் வீட்டில் சோற்றுக்கு முன்னால் விதியைப் பரிமாறுவார்கள். அவள் அப்பா பாகான் டாலாமில் துறைமுகத்தில் சாமான் இறக்கியவர். விதி என்பது மற்றவர்கள் எழுதி வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது இவர்கள்மேல் எடுத்து வீசுவது என்று அங்கே அனுபவம். எங்கள் கல்யாணத்தின்போது இரண்டு பக்கமும் பேசிய பேச்சு இன்னும் முடிந்தபாடில்லை.

விண்ணப்பத்தை நானே சூலியா தெருவுக்குக் கொண்டுபோனேன். மரப் படியேறினால் ஒரு சிறிய அறை, ஒரு காற்றாடி, ஒரு பெண். முப்பது வயது இருக்கும். கடிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"அங்கிள், இதை இங்க வாங்க முடியாது. ஹெட் ஆபீஸ் கே.எல்.ல இருக்கு. போஸ்ல அனுப்புங்க."

"நீங்கள் வாங்கி முத்திரை போட்டு அனுப்பலாமே?"

"முத்திரை கே.எல்.ல இருக்கு அங்கிள்." பிறகு கடிதத்தைப் படித்தாள். "பாஸ்வேர்டா? புக்ல கடைசிப் பக்கம் பாருங்க. அதைப் போட்டு உள்ள போயி மாத்திக்குங்க லா. எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க."

"அப்படிச் செய்யலாம் என்று எழுதித் தருவீர்களா?"

"எழுதியா?" அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். "எழுதித் தர முடியாது அங்கிள். வாயால வேணும்னா சொல்றேன். எத்தனை தடவை வேணும்னாலும் சொல்றேன்."

தலைநகருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். நகல் ஒன்றைக் கோப்பில் வைத்தேன். கடிதம் கிடைத்தது, கவனிக்கப்படுகிறது என்று இடைக்காலப் பதில் ஒன்று அனுப்புவது எந்த அலுவலகத்திலும் மரியாதை. வரவில்லை. பதினான்கு வேலை நாட்கள் கழிந்தன. மேலும் இரண்டு நாள், தபால் தாமதத்துக்காக, நான் தாராளமாகச் சேர்த்துக் கொடுத்தேன். பிறகு முதல் நினைவூட்டல் போயிற்று.

இதற்கிடையில் மகளுக்கு எட்டாம் மாதம் தொடங்கிவிட்டது. மனைவி தினமும் காலையில் மகளுக்குத் தட்டுவாள். பதில் வராது என்று தெரிந்தும் தட்டுவாள். வெந்தயக் கஞ்சி வைப்பது எப்படி, எந்தப் பக்கம் சாய்ந்து படுக்க வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம். தட்டி முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மாலையில் மகள் போன் செய்து எனக்குப் பதில் சொல்வாள். மின்னஞ்சலும் எழுதினாள், ஆனால் அது கடிதம். இவள் ஒன்று கேட்க, அவள் ஒன்று சொல்ல, அதிலிருந்து இவள் இன்னொன்று கேட்க, அப்படி அமையாது. "லெட்டர்ல எல்லாம் நல்லாத்தான் இருக்கும். பேசினாத்தான் எங்க இடிக்குதுன்னு தெரியும்" என்பாள் மனைவி.

இரண்டாவது நினைவூட்டலைக் கையோடு தபாலாபீஸுக்கு எடுத்துப் போனேன். ரசீதை வாங்கிப் பத்திரப்படுத்திக்கொண்டு பஸ் பிடித்துத் திரும்பி வந்தால், வாசல் கேட்டைத் திறக்கும்போதே குருவி கத்தியது. செருப்பைக் கழற்றுவதற்குள் மறுபடியும். பிறகு விடாமல்.

சமையலறையில் அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கைநூல் கவிழ்ந்து கிடந்தது. அடுப்பில் ஏதோ அடிப்பிடித்துக்கொண்டிருந்தது. தோளைத் தொட்டேன். திரும்பிப் பார்க்காமலே, "தெரியுது, தெரியுது. திரையையே பாத்துக்கிட்டு இருக்கேன். அடுப்பை அணைங்க" என்றாள்.

"யாரைக் கேட்டுச் செஞ்சே?" என்றேன்.

அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அந்தக் கேள்வி அவளை எட்டவில்லை. நான் அடுப்பை அணைத்தேன்.

அன்றைக்கு எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது. விண்ணப்பித்த காரியமோ நடந்துவிட்டது. இதற்கு இலாகாவில் ஒரு வழி உண்டு. அனுமதியை எதிர்பார்த்து எடுக்கப்பட்ட தற்காலிக நடவடிக்கை என்று கோப்பில் ஒரு குறிப்பு எழுதி வைப்போம். எழுதி வைத்தேன். எனக்குத் தெரிந்த தற்காலிக நடவடிக்கைகளில் சில, நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே ஆரம்பித்து, நான் ஓய்வு பெறும்போதும் தற்காலிகமாகவே இருந்தன.

இரண்டு வாரம் நல்லபடி போயிற்று. அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் சுருக்கிச் சொல்லக்கூட அவளுக்கு நேரமில்லை.

பிறகு பாகான் டாலாமில் மச்சான் மகனுக்குக் கல்யாணம். வீட்டைப் பூட்டிக்கொண்டு போய் ஆறேழு நாள் தங்கினோம். மகளுக்கு நாள் குறித்திருந்தது அதற்கும் ஒரு வாரம் கழித்து. திரும்பி வந்த மறுநாள் காலையில் மனைவி பின்பக்கத்தில் கல்யாணத் துணிகளை அலசிக்கொண்டிருந்தாள். நான் முன்னறையில் என் கம்ப்யூட்டரைப் போட்டுச் செய்தி பார்த்தேன். துணியை உலர்த்திவிட்டு வந்து அவளும் தன்னுடையதைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் தொலைபேசி அடித்தது. மகள்.

"அப்பா, அம்மா எங்க? எவ்வளவு மெசேஜ் அனுப்பிட்டேன். ஒண்ணுக்கும் பதில் இல்ல."

"இங்கேதான் இருக்கா. கம்ப்யூட்டர் முன்னாலதான் உக்காந்திருக்கா."

"வலி ஆரம்பிச்சிருச்சு ப்பா. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினோம். இன்னும் நேரமிருக்கு, வீட்லயே இருன்னு சொல்லிட்டாங்க. இவரு பையைக் கார்ல வைக்கிறாரு, எடுக்கிறாரு, திரும்ப வைக்கிறாரு. அம்மாகிட்ட பேசணும்."

"என்கிட்ட சொல்லு. நான் அப்படியே சொல்றேன்."

"உங்ககிட்டயா? இதையெல்லாம் உங்ககிட்ட எப்படிப்பா சொல்றது?"

மனைவி கம்ப்யூட்டரை விட்டு எழுந்து என் எதிரில் வந்து நின்றாள். என் உதட்டைப் பார்த்தாள். பிறகு உதட்டை விட்டுவிட்டுக் கண்ணைப் பார்த்தாள்.

"வலி வந்திருச்சா?"

தலையாட்டினேன். அவள் ரிசீவரை என் கையிலிருந்து பிடுங்கி, "அம்மா இங்கதான் இருக்கேன், அப்பா சரி பண்றாரு, நீ தட்டிக்கிட்டே இரு!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்திவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

அப்பா என்ன சரி பண்ண வேண்டும் என்று எனக்கு உடனே புரியவில்லை. சமையலறைக்குப் போய்ப் பார்த்தேன். அவள் எழுதிய வாசல் எண் ரூட்டரில் இருக்கத்தான் வேண்டும். யாரும் அதைத் தொடவில்லை. அப்போதுதான் கைநூலில் படித்துவிட்டுப் பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஒரு பத்தி ஞாபகத்துக்கு வந்தது. வீட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ரூட்டர் ஒரு எண் ஒதுக்குகிறது. சில நாட்கள் வரை அந்த எண் அதற்கே. அதற்குமேல் யாரும் கேட்டு வராவிட்டால் ஒதுக்கீடு ரத்து. ஒன்று ரூட்டருக்கே; அடுத்து முதலில் வருபவருக்கு இரண்டு, பிறகு வருபவருக்கு மூன்று. அரசாங்கக் குவார்ட்டர்ஸ் கொடுப்பதும் இப்படித்தான். நாங்கள் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது இரண்டு கம்ப்யூட்டரின் ஒதுக்கீடும் காலாவதியாகியிருந்தது. அன்று காலையில் முதலில் எழுந்தது என்னுடையது. சமையலறைக்கு இருந்த இரண்டாம் எண் எனக்குக் கிடைத்துவிட்டது. சமையலறைக்கு மூன்று. மகள் தட்டியதையெல்லாம் ரூட்டர், மனைவி எழுதி வைத்தபடி, இரண்டாம் எண்ணிடம், அதாவது என்னிடம், கொண்டுவந்து கொடுத்திருக்கிறது. என் கம்ப்யூட்டரில் அந்தப் பேச்சு நிரல் இல்லை. நான் செய்தி படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

விதிக்கு உட்பட்ட வழி ஒன்றை முதலில் முயன்றேன். இரண்டையும் அணைத்துவிட்டுச் சமையலறைக் கம்ப்யூட்டரை முதலில் எழுப்பினேன். பழைய கம்ப்யூட்டர், எழுந்திருக்கவே நேரம் எடுத்தது. மறுபடியும் மூன்றுதான். ரூட்டரின் ப்ளக்கைப் பிடுங்கிச் செருகினேன். அப்போதும் மூன்றுதான். ஒதுக்கிவிட்ட எண்ணை அது மறக்கத் தயாராக இல்லை. வேறு சமயமாக இருந்தால் அதை நான் மெச்சியிருப்பேன்.

மனைவி என் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். "மேல்நிலைப் பக்கத்துல போய் ரெண்டை மூணாக்குங்க" என்றாள்.

"அது தற்காலிகம். திரும்பவும் மாறும். சமையலறைக்கு ரெண்டுன்னு நிரந்தரமா எழுதி வைக்க ஒரு பட்டியல் இருக்கு. கைநூல்ல எந்தப் பக்கம்னு..."

அவள் கைநூலை என் கையிலிருந்து வாங்கி அரிசிப் பானைமேல் வைத்தாள். "அவ நிரந்தரமாவா வலியோட இருப்பா?"

பாஸ்வேர்ட் கேட்கும் கட்டம் திரையில் வந்தது. நான் அதுவரை ஒரு தடவையும் அதைத் தட்டியதில்லை. ஆனால் மனப்பாடமாக இருந்தது. ஒற்றை விரலால் தட்டினேன். அவள் பொறுக்க மாட்டாமல் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆனால் கையை நீட்டவில்லை. இரண்டை அழித்தேன். மூன்று போட்டேன். பதிவு செய் என்ற இடத்தை அழுத்தினேன். ரூட்டரின் விளக்குகள் எல்லாம் அணைந்தன. பிறகு ஒவ்வொன்றாக எரிந்தன. கடைசி விளக்கு மஞ்சளாகவே நின்றது. அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அது பச்சையானது.

குருவி கத்தியது. நான் அவள் தோளைத் தொடுவதற்குள் அவள் படித்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்து முன்னறைக்கு வந்துவிட்டேன். நாற்காலியைக் காலிசெய்ய வேண்டியிருந்தது. அந்தத் திரையைப் பார்ப்பது எனக்கு முறையும் இல்லை. என் கம்ப்யூட்டரை மறுபடி போடத் தைரியம் வரவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். சமையலறையிலிருந்து விசைகளின் சத்தம் வந்தது, நடுநடுவே குருவி. குருவி சில நிமிடம் கத்தாவிட்டால் அங்கே வலி வந்திருக்கிறது என்று அர்த்தம். மறுபடி கத்தினால் அந்த வலி போய்விட்டது என்று அர்த்தம். மனைவியின் விசைகள் மட்டும் இரண்டு நேரத்திலும் நிற்கவில்லை. பதில் வராதபோதும் அவள் எழுதிக்கொண்டேயிருந்தாள்.

மதியம் நெருங்கும்போது குருவி அடிக்கடி நின்றது. பிறகு ஒரேயடியாக நின்றது. அவள் வெளியே வந்தாள்.

"கிளம்பிட்டாங்க. போறேன்மான்னு எழுதினா." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "நிறையக் கேட்டா. எல்லாத்துக்கும் சொல்லிட்டேன்."

"என்ன கேட்டா?"

"உங்களுக்கு எதுக்கு அது? பசிக்குதா?"

ரொட்டி வாங்கிவந்து சாப்பிட்டோம். மாலையில் மருமகனிடமிருந்து போன் வந்தது. பெண் குழந்தை. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றுமில்லை. அவர் சொன்னதையெல்லாம், அவர் திக்கியதையும் சேர்த்து, ரிசீவரைப் பிடித்தபடியே வரிவரியாக என் உதட்டால் ஒப்பித்தேன். அதற்கு முந்திய இரவே நான் மீசையைக் கத்திரித்திருந்தேன், கல்யாணப் படங்களில் என்னைப் பார்த்த பிறகு.

அடுத்த நாள் கைநூலைப் பானைமேலிருந்து எடுத்து, சமையலறைக் கம்ப்யூட்டருக்கு நிரந்தர எண் எழுதி வைத்தேன். அதையும் கோப்பில் குறித்தேன். பிறகு கம்பெனிக்கு ஒரு கடிதம்: மேற்படி விண்ணப்பமும் இரண்டு நினைவூட்டல்களும் வாபஸ் பெறப்படுகின்றன, அவற்றின்மேல் மேற்கொண்டு நடவடிக்கை தேவையில்லை. என்ன செய்தேன் என்று எழுதவில்லை. அவர்கள் கேட்கவில்லை.

மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் பேச்சு மறுபடி தொடங்கியது. குழந்தைக்குத் தீட்டுக் கழித்துப் பெயர் வைக்கும் நாள் எது என்பதில் மட்டும் ஒரு தகராறு. மனைவி பக்கத்தில் முப்பதாம் நாள். எங்கள் பக்கத்தில் முப்பத்தொன்று. என் தங்கை ஈப்போவிலிருந்து போன் செய்து, நம் வீட்டுப் பிள்ளைக்கு முப்பத்தொன்றுதான் என்று கண்டிப்பாகச் சொன்னாள். நான் அதை மனைவியிடம் சொன்னேன்.

"பெத்தவ கிட்டயே கேட்டுட்டேன். முப்பத்தொண்ணாம் நாள்தான் மாப்பிள்ளைக்கு லீவாம்" என்றாள். அதோடு முடிந்தது.

முப்பத்தொன்றாம் நாள் காலையில் அவள் குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். பெர்த்தில் மகளிடம் வேட்டியில் தொட்டில் கட்டுவது முதல் ஒவ்வொன்றாகத் தட்டிச் சொன்னாள். சாம்பிராணி கிடைக்கவில்லையாம்; பரவாயில்லை என்றாள். குழந்தையின் காதில் பெயரை மூன்று தரம் சொல்லச் சொன்னாள். சொல்லிவிட்டு அந்தப் பெயரை மகள் இங்கே தட்டினாள், அதையும் மூன்று தரம். மனைவி ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். நான் படித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் தபால்காரரின் மோட்டார் சைக்கிள் நின்றது. கே.எல். முத்திரை போட்ட நீளமான உறை. தங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது, மாற்றத்துக்கு ஆட்சேபணை இல்லை, சந்தாதாரர் கைநூலின் கடைசிப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளவும் என்று இருந்தது. அதன்மேல் பதில் பெறப்பட்ட நாள் என்று எழுதிக் கோப்பில் சேர்த்தேன்: பேத்திக்கு முப்பத்தொன்றாம் நாள், வெள்ளிக்கிழமை.